புகையும் மறதியும்: வணிகர்கள் அறிய வேண்டிய கணக்கு

பெரியதாழைக்கு நாம் சரக்கு அனுப்பத் தொடங்கிய நாட்களில், அவ்வூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் கடன் சிட்டை என்று ஒன்று கிடையாது. கடலுக்குப் போகும் வீடுகளில் மீன்பாடு இருந்தால்தான் கையில் பணம் புரளும். பாடு இல்லாத வாரங்களில் அரிசி, பருப்பு முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாமே கடன்தான். இருநூறு வீட்டுக் கடனையும் அவர் மனத்திலேயே வைத்திருந்தார். எந்த வீட்டில் எவ்வளவு நிற்கிறது, எந்த வள்ளத்துக்காரர் எந்தச் சனிக்கிழமை எவ்வளவு கட்டினார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கடற்கரை ஊரில் அவருடைய மூலதனம் பணமன்று, அந்த நினைவாற்றல்தான்.

அவருடைய அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு நாள் நம் கடைக்கு வந்து பில்லுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். அந்தப் பில்லுக்கு முந்தின வாரமே பணம் தந்திருந்தார்.

"போன வாரமே தந்துட்டீங்களே அண்ணாச்சி, ரசீதும் வாங்கிட்டுப் போனீங்களே" என்றோம்.

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். வயதாகிறது என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த ஆண்டுக்குள் அவருடைய கூட்டல் கணக்கு தவறத் தொடங்கியது. நடை சிறு அடியாகக் குறுகியது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் பிடித்தது. மகன் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார். துணைக்கு நாமும் போயிருந்தோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தில் மூளையின் உட்பகுதியில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகள் இரண்டுதான். "பிரஷர் உண்டா? புகைப் பழக்கம் உண்டா?" இரண்டும் உண்டு. பதினெட்டு வயதில் பிடித்த பீடி, நாளொன்றுக்கு இரண்டு கட்டு வரை போய், கடை வளர்ந்த பிறகு சிகரெட்டாக மாறியிருந்தது.

புகை ஒன்றே காரணம் என்று அந்த மருத்துவர் சொல்லவில்லை. ரத்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை என்றார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்று நம் மனத்தை உறுத்தியது. அந்தப் பீடிக் கட்டுகளையும் சிகரெட் பெட்டிகளையும் அவர் கடைக்கு வாரந்தோறும் அனுப்பியவர்கள் நாம்தாம்.

புகைத்தால் நுரையீரல் கெடும், புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. அறிவைத் தின்னும் என்பது நம் வணிகர்களில் பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

வெண்பொருள் என்பது என்ன?

மூளையில் இரு வகைப் பகுதிகள் உண்டு. மேல்புறத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் பகுதியில் நரம்பணுக்கள் இருக்கின்றன. கணக்குப் போடுவதும் முடிவெடுப்பதும் அங்கே நடக்கும் வேலை. அதற்கு உட்புறம் வெள்ளையாக இருக்கும் பகுதியை வெண்பொருள் என்கிறார்கள். மூளையில் ஏறக்குறைய பாதி இதுதான். இது முழுவதும் நரம்பிழைகள். மூளையின் ஒரு பகுதியையும் மற்றொரு பகுதியையும் இணைக்கும் கம்பிகள் என்று வைத்துக்கொள்ளலாம். மின்கம்பிக்கு மேலே உறை இருப்பது போல இந்த இழைகளின் மீது கொழுப்பாலான உறை சுற்றியிருக்கிறது. அந்தக் கொழுப்பினால்தான் வெள்ளை நிறம். உறை நன்றாக இருந்தால் செய்தி விரைவாக ஓடும். உறை கெட்டால் செய்தி தாமதமாகும், வழியில் நின்றும் போகும்.

கோபன்ஹேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயது ஆணின் மூளையில் உள்ள இந்த இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர் வரும். பூமியை நான்கு முறைக்கு மேல் சுற்றி வரலாம். எண்பது வயதில் இது ஏறக்குறைய 97,000 கிலோமீட்டராகக் குறைந்து விடுகிறது. வயதானால் யாருக்கும் இழை குறையத்தான் செய்யும். அது இயற்கையான தேய்மானம். அந்தத் தேய்மானத்தைப் புகை விரைவுபடுத்துகிறது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

நம்மிடம் சரக்கு இருக்கிறது, கடைக்காரரிடம் தேவை இருக்கிறது, ஆனால் நடுவில் சாலை அறுந்து விட்டது என்றால் வியாபாரம் என்ன ஆகும்? வெண்பொருள் கெட்டவரின் நிலை அதுதான். பழைய நினைவுகள் உள்ளே இருக்கும். வேண்டிய நேரத்தில் வந்து சேராது.

புகை அங்கே செய்வது என்ன?

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் நாம் மூச்சில் எடுக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. அந்தப் பிராணவாயுவை ரத்தம் சுமந்து வருகிறது. வெண்பொருளின் ஆழமான இடங்களுக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் மயிரிழை போல மெல்லியவை, நீளமானவை, பக்கக் கிளைகள் குறைந்தவை. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? அதைப் போல, ரத்த ஓட்டம் சற்றே குறைந்தாலும் முதலில் வாடுவது வெண்பொருள்தான்.

புகை இந்தக் கடைமடையை மூன்று வழியாகத் தாக்குகிறது.

முதலாவது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்கிறது. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ் வருகிறது, ஆனால் சீட்டெல்லாம் துண்டு போட்டுப் பிடித்தாயிற்று என்றால் ஏற வேண்டியவர் எங்கே ஏறுவார்?

இரண்டாவது, ரத்தக் குழாயின் உட்சுவர் சொரசொரப்பாகித் தடிக்கிறது. நீர்க்குழாயில் உப்புப் படிவது போல வழி குறுகுகிறது. ரத்தம் எளிதில் கட்டியாகும் தன்மையும் கூடுகிறது. பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம், ஊரே அறியும். மெல்லிய குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தால் யாருக்கும் தெரியாது. புகைப்பவருக்கே தெரியாது. நாம் பார்த்த வெள்ளைத் திட்டுகள் அப்படி வருபவைதாம்.

மூன்றாவது, புகையோடு உள்ளே போகும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் உடம்பில் ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. நரம்பிழையின் கொழுப்புறையை இது அரிக்கிறது.

இவற்றில் எதற்கும் வலி கிடையாது. நாற்பது வயதில் தொடங்கினாலும் எழுபதில்தான் வெளியே தெரிகிறது. வட்டி ஏறிக்கொண்டே போகும், கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார். வந்தால் மொத்தத்துக்கும் வந்து நிற்பார்.

ஆராய்ச்சிகள் காட்டும் கணக்கு

அமெரிக்காவில் வட கலிபோர்னியாவில் 1978 முதல் 1985 வரை 21,000க்கு மேற்பட்ட நடுவயதினரிடம் புகைப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர்களில் யாருக்கு மறதி நோய் வந்தது என்று பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நடுவயதில் நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் புகைத்தவர்களுக்கு, புகைக்காதவர்களைப் போல இரு மடங்குக்கு மேல் மறதி நோய் வந்திருந்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 44 வயது முதல் 79 வயது வரையுள்ள 9,772 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். மூளைக்குக் கேடு செய்பவற்றில் புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் முன்வரிசையில் நின்றன. ஒருவரிடம் இவை எத்தனைக்கு எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்கு வெண்பொருளின் பழுதும் கூடியிருந்தது. நம் கடைக்கார நண்பர்களில் எத்தனை பேரிடம் இந்த மூன்றும் சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2014இல், உலகில் வரும் அல்சைமர் நோயில் சுமார் 14 சதவீதத்துக்குப் புகைப் பழக்கம் காரணமாக இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. மறதி நோயை ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் குழு, 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பட்டியலில் புகையும் ஒன்று.

தராசு யார் கையில் இருந்தது?

ஒரு விஷயத்தை வணிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும், புகைத்தால் மறதி நோய் வராது, நிக்கோடின் மூளைக்கு நல்லது என்று சில ஆராய்ச்சிகள் சொல்லின. இன்றும் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவதைக் கேட்கிறோம். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010இல் அந்தப் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்து, எழுதியவர்களில் புகையிலைக் கம்பெனிகளோடு தொடர்புள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். தொடர்புள்ளவர்களின் ஆராய்ச்சிகளில் புகை நன்மை செய்வது போல வந்தது. தொடர்பில்லாதவர்களின் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் தீமை தெளிவாகத் தெரிந்தது. தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்த்து நிறுவையை நம்ப வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமா என்ன?

இன்னொரு கோளாறும் அதில் இருந்தது. அதிகமாகப் புகைத்தவர்கள் மறதி நோய் வரும் வயதுக்கு முன்பே இறந்து விடுகிறார்கள். உயிரோடு மிஞ்சிய சிலரை மட்டும் எண்ணினால் புகைத்தவருக்கு நோய் குறைவு போலத்தான் தோன்றும். போண்டியாகி மூடிய கடைகளை விட்டுவிட்டு, நிற்கும் கடைகளை மட்டும் எண்ணி அந்தத் தொழிலில் நஷ்டமே இல்லை என்று சொல்வது போன்ற கணக்கு அது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. 2016–17ஆம் ஆண்டின் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார். நாடு முழுவதும் பார்த்தால் சிகரெட் பிடித்தவர்கள் 4 சதவீதம், பீடி பிடித்தவர்கள் 7.7 சதவீதம்.

"சிகரெட்தான் கெடுதல், பீடி இலைதானே" என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அது தவறு. பீடியில் தூள் குறைவு என்றாலும் அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் நிக்கோடினும் தாரும் அதில் குறைவில்லை, கூடுதலாகவே உள்ளே போகின்றன. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாகக் கேட்டறிந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, கிராமத்துப் பீடியும் நகரத்துச் சிகரெட்டும் காசநோய், இதய நோய் சாவுகளைப் பெருக்குவதைக் காட்டியது. இதயக் குழாயைக் கெடுப்பது மூளைக் குழாயை விட்டுவைக்காது.

எதைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்?

சாவியை வைத்த இடம் மறப்பதும், பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் வயதானால் எல்லோருக்கும் வருபவை. ஸ்கேனில் சில வெள்ளைப் புள்ளிகள் தெரிவதும் முதியவர்களிடம் சாதாரணம். அதுவே மறதி நோய் ஆகிவிடாது. ஆனால் கீழ்க்கண்டவை புதிதாகத் தோன்றி, மாதக் கணக்கில் கூடிக்கொண்டே போனால் அசட்டை செய்யக் கூடாது:

1. பழகிய கணக்கில் தடுமாற்றம். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் தருதல், ஒரே சரக்கை இரண்டு முறை கேட்டு அனுப்புதல்.
2. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலையில் வரிசை தப்புதல்.
3. பேச்சிலும் யோசனையிலும் மந்தம்.
4. நடை சிறுத்துத் தள்ளாடுதல்.
5. முன்பு கலகலப்பாக இருந்தவர் எதிலும் பற்றில்லாமல் ஒதுங்கி உட்காருதல்.

கடலோடிகளிடம் இது வேறு வகையில் தெரியும். கரையில் உள்ள கோயில் கோபுரத்தையும் பனைக் கூட்டத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்து, நடுக்கடலில் மீன் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் இந்தக் கரையில் உண்டு. மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயில் அப்படிப் பலருக்குக் குறி. அப்படிப்பட்டவர் ஒருவருக்குக் குறி பிடிபடவில்லை என்றால், "கிழவனுக்குக் கண் மங்கிப்போச்சு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இனி விட்டு என்ன லாபம் என்பவர்களுக்கு

லாபம் உண்டு. கடைசிப் பீடியை அணைத்த அரை நாளுக்குள் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு இறங்கி விடுகிறது. ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகளில் பக்கவாத அபாயம் புகைக்காதவர் அளவுக்குக் குறைகிறது. நெதர்லாந்தில் 50 முதல் 85 வயது வரையுள்ள 503 பேரை ஸ்கேன் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களின் வெண்பொருள் நலிந்திருந்தது. ஆனால் விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலானவர்களின் வெண்பொருள், ஒருபோதும் புகைக்காதவர்களுடையதை ஒத்திருந்தது. தென்கொரியாவில் 60 வயதைக் கடந்த 46,000 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2018இல் எழுதியதில், விட்டு நான்கு ஆண்டுக்கு மேலானவர்களுக்கு, விடாதவர்களைக் காட்டிலும் மறதி நோய் 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஒருபோதும் தொடாதவர்களுக்கு 19 சதவீதம் குறைவு. ஆக, அறுபதிலும் விடலாம். நாற்பதில் விட்டால் இன்னும் மேல்.

நாமும் நாற்பத்தொரு வயது வரை புகைத்தோம். மூன்று முறை விட்டு, மூன்று முறையும் கடைப்பெட்டியிலிருந்தே எடுத்துப் பற்ற வைத்தோம். நான்காம் முறைதான் நின்றது. எனவே விடுவது எளிது என்று சொல்ல மாட்டோம். முடியாததன்று என்று மட்டும் சொல்வோம். தனியாக முடியாதவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். மத்திய அரசு 2016இல் தொடங்கிய ஆலோசனைத் தொலைபேசி இது. நாம் விற்கும் பெட்டியிலேயே 2018 முதல் அச்சிட்டு வருகிறது. கூடவே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியாது என்ற சாக்கும் இப்போது செல்லாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டுக்கும் வீடு தேடி மருந்து வருகிறது.

பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம்

இதுவரை சொன்னது புகைப்பவருக்கு. இனிச் சொல்வது விற்பவருக்கு.

பீடி சிகரெட்டில் கிடைக்கும் கழிவு சொற்பம். ஆனால் பீடி வாங்க வருபவர் அரிசியும் சோப்பும் வாங்கிப் போகிறார், பீடி இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய் விடுகிறார். இது நமக்குத் தெரியாததன்று. நாளையே எல்லோரும் நிறுத்துங்கள் என்று எழுதும் யோக்கியதை நமக்கு இல்லை. நாமே இன்னும் முழுதாக நிறுத்தவில்லை. புதிய கடைகளுக்கு மட்டும் அனுப்புவதில்லை. ஆயினும் எல்லோராலும் முடிந்தவை சில உண்டு.

18 வயது ஆகாத பிள்ளைகளிடம் பீடியோ சிகரெட்டோ கொடுக்கக் கூடாது. "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று வந்தாலும் கூடாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் இதைத் தடுக்கிறது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதானே என்று எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, சிறாருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பதினெட்டில் தொடங்காதவர் பெரும்பாலும் பிறகு தொடங்குவதில்லை. நம் அண்ணாச்சியின் கணக்கு பதினெட்டில்தான் தொடங்கியது.

கடை முன்னால் கனன்றுகொண்டு தொங்கும் நெருப்புக் கயிற்றை அவிழ்த்து விடலாம். புகைக்கத் தடையுள்ள பொது இடங்களில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எடுத்துக் கொடுப்பதை 2008ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. அதைவிட முக்கியம், கடைக்குள் உட்கார்ந்திருக்கும் நாமும் நம் வீட்டுப் பெண்களும் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளும் அந்தப் புகையை நாள் முழுவதும் மூச்சில் இழுக்கிறோம். பிறர் விடும் புகையே பக்கவாத அபாயத்தை 20 முதல் 30 சதவீதம் கூட்டுகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2014இல் அறிக்கை தந்தார்.

மே 5ஆம் நாளை வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே மாதம் 31ஆம் நாள் உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அந்த ஒரு நாளாவது பீடி சிகரெட் விற்பதில்லை என்று நம் சங்கக் கடைகள் தீர்மானிக்கலாம் என்பது நம் யோசனை. செயற்குழு இதைப் பரிசீலிக்கட்டும்.

பெரியதாழை அண்ணாச்சி இன்றும் காலையில் கடைக்கு வந்து உட்காருகிறார். கல்லாவில் மகன் இருக்கிறார், கடன் எல்லாம் சிட்டையில் ஏறிவிட்டது. சென்ற முறை நாம் போனபோது நம்மை அடையாளம் கண்டு, "சரக்கு வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து மீண்டும் அதையே கேட்டார். வாசலில் நெருப்புக் கயிறு தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. கயிற்றை மகன் எடுத்து விட்டிருந்தார்.

ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது வரவும் செலவும் நேராக வர வேண்டும் என்று பார்க்கிறோம். நாம் விற்ற சரக்கில் எது யாருக்கு எந்தச் செலவாக முடிந்தது என்பதையும் ஒரு வரி எழுதிப் பார்ப்பது நல்ல வணிகனுக்கு அழகு.